ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்

சிரிக்கத் தெரியாத ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோமே என்று முப்பத்தாறு வருஷம் நொந்துகொண்ட மனிதர் அவர். மூலையில் உட்கார்ந்து நொந்துகொண்டார் என்று நினைக்காதீர்கள், ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி நொந்துகொண்டார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு பேர் ஏறி இறங்குகிற இடம். அத்தனை பேர் காதிலும் போட்டுவைத்தால் வீட்டு விஷயம் வீட்டிலா நிற்கும்?

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ‘ஏழாம் மாடி’. அந்தப் பெயர் வந்தது ஒரு சினிமாவால். அவருக்கு மீசை அரும்பி நாலைந்து வருஷம் ஆகியிருந்தபோது வந்த சிரிப்புப் படம் அது. மலைமேல் ஏரிக்கரையில் இருக்கிற ஒரே பங்களாவை ஒரு தரகர் மூன்று பேருக்கு விற்றுவிடுவார். மூன்று பேரும் ஒரே நாளில் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பார்கள். தரகர் படகில் ஏறித் தப்பிப்பார். சும்மா போகிற ஆளா? நடு ஏரியில் எழுந்து நின்று, கரையில் கத்துகிற மூன்று பேருக்கும் மூன்று பக்கமும் திரும்பி சலாம் போடுவார். மூன்றாவது சலாமில் படகு ஆடும். கட்டம் போட்ட சட்டையோடு தொபுக்கடீரென்று தண்ணீரில் விழுவார். அப்புறம் வெறும் கை மட்டும் மேலே வரும். கரையிலிருக்கிற மூன்று பேரும், ஏலத்தில் கை தூக்குகிற மாதிரி இருக்கிறதே என்று, “ஒரு தரம்!” என்று கத்துவார்கள். கை மறுபடி வரும். “ரெண்டு தரம்!” கடைசியில் விரல்கள் மட்டும் வரும். “மூணு தரம்!” தியேட்டரே குலுங்கும்.

இதை லிஃப்டுக்குள்ளேயே நடித்துக் காட்டுவார் நம்முடைய ஆள். கீழ்த்தளத்தில் கதவு சாத்தும்போது தரகர் ஓட ஆரம்பித்தால், மூன்றாவது மாடியில் படகில் ஏறி, ஐந்தாவதில் விழுந்து, ஏழாவதில் கதவு திறக்கும்போது சரியாக “மூணு தரம்!” ஒரு நொடி பிசகாது. ஏழாவது மாடியில்தான் ஆபரேஷன் தியேட்டர். தள்ளுவண்டியில் படுத்துப் போகிறவர்கள், பயத்தில் பாதி உயிர் போனவர்கள், சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். “மயக்க மருந்துல பாதியை நீங்களே கொடுத்து அனுப்பிடறீங்க” என்று ஒரு பெரிய டாக்டர் ஒரு தடவை சொன்னார். அதை அவர் ஓய்வு பெறுகிறவரை பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார்.

அவருடைய நடிப்பில் உச்சம் அந்தச் சுண்டு விரல். படத்தை எண்பது தடவைக்கு மேல் பார்த்து அவர் கண்டுபிடித்த விஷயம். தரகராக நடித்தவருக்குச் சுண்டு விரல் நேராக இருக்கும். ஆனால் தண்ணீருக்கு மேலே வருகிற கையில் சுண்டு விரல் உள்பக்கமாக மடங்கி, நுனி மட்டும் வெளியே கோணிக்கொண்டிருக்கும். “டூப்புய்யா! விழுந்தது டூப்பு! ஊர்ல ஒருத்தனும் பார்க்கல, நான் பார்த்தேன்!” என்று மார்தட்டிக்கொள்வார். தன் விரலையும் அதே மாதிரி மடக்கி, அதே கோணலோடு தூக்குவார். பழகிப் பழகி, கண்ணை மூடிக்கொண்டே வரவழைக்கிற அளவுக்குக் கை தேறிவிட்டது.

எல்லாரும் சிரித்தார்கள், அவர் மனைவி ஒருத்தியைத் தவிர.

அந்த அம்மாள் அதே ஆஸ்பத்திரியில், நான்காவது மாடித் துணி அறையில் தையல் வேலை பார்த்தவள். கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது, டாக்டர்களின் அங்கிக்கு நாடா தைப்பது. இருபத்தெட்டு வருஷமும் நாலு மாடியைப் படியிலேயே ஏறினாள். “லிஃப்ட்ல மூச்சு முட்டுது” என்பாள். படியேறினால் முட்டாத மூச்சு லிஃப்டில் முட்டுமாம்! “புருஷன் ஓட்டுற வண்டியில பொண்டாட்டி ஏற மாட்டா, பாருங்க கூத்தை” என்று அவர் அதையும் ஒரு நகைச்சுவையாக்கினார். வீட்டில் டிவியில் படம் போட்டால், படகுக் கட்டம் வரும்போது சரியாக எழுந்துவிடுவாள். அடுப்பில் பால் இருக்கும், இல்லாவிட்டால் இருப்பதாகச் சொல்வாள். ஒரே மகளின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து முந்நூறு பேர் முன்னால் அவர் மூணு தரம் போட்டபோது, மணப்பெண்ணுக்கே கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. தாயார்க்காரி மட்டும் சமையல் கூடத்தில் தட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மாவுக்குச் சிரிப்பு நரம்பையே வைக்காம அனுப்பிட்டான்டி” என்பார் மகளிடம்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கு அது விளையாட்டில்லை. முன்பின் தெரியாதவர்களைச் சாவு பயத்திலேயே சிரிக்க வைத்தவனுக்கு, கட்டினவளைச் சிரிக்க வைக்க முடியவில்லையே! ஓய்வு பெற்ற அன்று மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது ஒரு முடிவெடுத்தார். அந்த மலைக்கே, அந்த ஏரிக்கே இவளை அழைத்துப் போவது. படம் பிடித்த அதே இடத்தில், அதே தண்ணீரில் நின்று செய்து காட்டுவது. அங்கேயும் சிரிக்காவிட்டால் அதோடு விட்டுவிடுவது.

அதற்கு முன்னால் பத்து வருஷமாகக் கூப்பிட்டும் வராதவள், இந்தத் தடவை மகள் டிக்கெட்டை நீட்டியபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, வரேன். ஒரு தடவை பார்த்துடறேன்” என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ‘கல்லும் கரைஞ்சுடுச்சுடா’ என்று குதித்தார்.

இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி. அவர் மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் படத்தின் ஒரு கட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். குளிர்கிறதா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள்.

மேலே போய் இறங்கியதும் அவருக்கு முதல் அடி. ஏரி எங்கே? படத்தில் கடல் மாதிரி விரிந்து கிடந்ததே! இங்கே இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் ‘நூறு வயசு’ என்பார்கள் போலிருந்தது. பங்களாவைத் தேடினார். புல்மேட்டில் ஒரு டீக்கடையும் ரெண்டு குதிரையும்தான் நின்றன.

“பங்களாவா? அது அட்டை சார்” என்றார் படகுக்காரர், வாயில் குச்சியோடு. “முன்பக்கம் மட்டும் நிறுத்திவச்சு எடுத்தாங்களாம். ஒரு மழையில ஊறிப் போச்சுன்னு எங்கப்பா சொல்வாரு.”

“அட்டையா!” அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்பது தடவை பார்த்தவர், சுண்டு விரலைக் கண்டுபிடித்தவர், அட்டையைக் கோட்டை விட்டுவிட்டார். “அடப்பாவிகளா, அட்டையையா மூணு பேருக்கு வித்தானுங்க?” என்று மனைவியைப் பார்த்தார், இதற்காவது ஒரு புன்னகை வருமா என்று. அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுத் துறையில் பலகை தொங்கியது: ‘மூணு தரம் பாயிண்ட் – படகு சவாரி’. நடு ஏரியில் ஒரு ஆரஞ்சு நிற டிரம் மிதந்தது. அதுதான் அந்த இடம். வருகிறவர்களெல்லாம் அங்கே போய்க் கை தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். ஏழெட்டுப் படகுகள் டிரம்மைச் சுற்றி நின்றன. “ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று தண்ணீர்மேல் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“இங்க எவ்வளவு ஆழம்?” என்று கேட்டாள் மனைவி. படகில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

“ஓரத்துல இடுப்பளவும்மா. டிரம்கிட்ட நாலு ஆள் ஆழம். கீழ கொடிகொடியா பாசி. காலைச் சுத்துச்சுன்னா விடாது” என்றார் படகுக்காரர். அவள் தலையாட்டிக்கொண்டாள்.

டிரம் வந்தது. நம்முடைய ஆள் எழுந்து நின்றார். முப்பத்தாறு வருஷப் பயிற்சி சும்மாவா போகும்? மூன்று பக்கமும் திரும்பி மூன்று சலாம். படகு ஆடியது. ஆடினால்தானே அழகு! பக்கத்துப் படகுகளில் பேச்சு நின்று செல்ஃபோன்கள் தூக்கப்பட்டன. சட்டென்று சரிந்து படகுக்குள்ளேயே பதுங்கினார். வெளியே இருப்பவர்களுக்கு ஆளே தெரியாது. பிறகு படகு விளிம்புக்கு மேலே கை மட்டும் எழுந்தது, சுண்டு விரல் மடங்கி, நுனி கோணி.

“ஒரு தரம்!” என்று எட்டுப் படகும் கத்தியது.

“ரெண்டு தரம்!”

கடைசித் தடவை விரல்கள் மட்டும். “மூணு தரம்!” கைதட்டல் ஏரி முழுக்கப் பரவியது. படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டு விசிலடித்தார். நம்முடைய ஆள் தலையைத் தூக்கி, மூச்சு வாங்க, சின்னப் பிள்ளை மாதிரி மனைவியைப் பார்த்தார். இப்போது?

அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“கையை இறக்குங்க” என்றாள்.

“ஏன்? நல்லா இல்லையா?”

“நல்லா இருந்துச்சு. அப்படியே இருந்துச்சு. அதான் இறக்குங்கன்றேன். அது என் தம்பி கை.”

அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள்: பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்தான், பதினெட்டு வயசில் தண்ணியில் போய்விட்டான் என்று. ஏதோ கிணறு, ஏதோ ஆறு என்று அவராக நினைத்துக்கொண்டார். எந்தத் தண்ணீர் என்று கேட்டதில்லை. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்லை!

“சினிமா கம்பெனியில விளக்கு தூக்குற வேலை அவனுக்கு” என்றாள். குரல் தையல் கணக்குச் சொல்கிற குரலாகவே இருந்தது. “அந்தக் கட்டம் போட்ட சட்டை அவனுக்குத்தான் சரியா இருந்துச்சாம். அதனால நீ விழுன்னு சொல்லியிருக்காங்க. நீச்சல் தெரியுமான்னு ஒருத்தரும் கேக்கல. இவனும் வேலை போயிடுமோன்னு வாயைத் திறக்கல. கையைத் தூக்கினான். நடிக்கிறான்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. கூட வேலை பார்த்தவன் உடம்பைக் கொண்டு வந்தப்போ எங்கிட்ட மட்டும் சொன்னான். கம்பெனிக்காரங்க, சாயந்திரம் குளிக்கப் போனான்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. சட்டையைப் போட்டுக்கிட்டு எவனாவது குளிப்பானா?”

“அந்த... அந்த விரல்...”

“ஆறு வயசுல கதவிடுக்குல நசுங்கினது. கதவைச் சாத்துனது நான்.”

அவர் தன் கையைப் பார்த்தார். சுண்டு விரல் இன்னும் மடங்கியே இருந்தது. மறு கையால் பிடித்து நீட்டிவிட்டார். விட்டதும் பழக்கதோஷத்தில் மறுபடி மடங்கியது. அடக் கடவுளே! லிஃப்டில் எத்தனை ஆயிரம் தடவை! மகள் கல்யாணத்தில், மைக்கில்! ஒருத்தன் சாகிறதை, அதுவும் மச்சினன் சாகிறதை, விரல் கோணல்கூடப் பிசகாமல் பழகி வைத்திருக்கிறார். மறு கையால் அந்த விரலைப் பொத்தி மறைத்துக்கொண்டார்.

“படத்துல அதையா வச்சாங்க? நிஜமா போனதையா வச்சாங்க?”

“வெட்டிப் போட்டிருப்பாங்கன்னுதான் நானும் நெனச்சேன். கல்யாணம் ஆன நாலாம் நாள் நீங்க தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனீங்க. என்ன படம்னு எனக்குத் தெரியாது. கை மேல வந்துச்சு. நீங்க சிரிச்ச சிரிப்புல என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க.”

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி! பாவி, ஏன் சொல்லல?”

“நாலு நாள் பழகின ஆள்கிட்ட எப்படிச் சொல்றது? அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்கு வந்தீங்க. முற்றத்துல, எங்கம்மா முன்னாடி, மூணு தரம் செஞ்சு காட்டினீங்க. விரல் கோணல் அப்ப உங்க கண்ணுல படல, வெறும் கைதான்.”

அவருக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அம்மா சிரிச்சாங்க. தம்பி போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாங்க. மாப்பிள்ளை இன்னொரு தடவை செய்யுங்கன்னு கேட்டாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன், அவங்க இருக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு. இப்ப அவங்க போய் நாலு வருஷம் ஆச்சு. இவன் போன எடத்தை ஒரு தடவை பார்த்துடணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன்.”

படகுக்காரர் வாயிலிருந்த குச்சியை எப்போதோ துப்பியிருந்தார். “அதான் எங்கப்பா சாகிற வரைக்கும் இந்த டிரம் பக்கம் படகு விடல போல. எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது” என்றார். படகைத் திருப்பினார். மற்றப் படகுகளிலிருந்து “ஒன்ஸ் மோர்!” என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

துறையில் இறங்கியதும் ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டது. குடும்பம் குடும்பமாக, கையில் ஃபோனோடு. “அங்கிள், சூப்பர் அங்கிள்! இன்னொரு தடவை, வீடியோ எடுத்துக்கறோம்!”

“வழியை விடுங்க” என்றார்.

“ஒரு தரம் அங்கிள், ஒரே ஒரு தரம்!”

“போங்கய்யா அந்தப் பக்கம்!” என்று கத்தினார். கை தானாக மேலே போனது. “செத்துட்டான்யா! அவன் நிஜமா செத்துட்டான்யா! நீச்சல் தெரியாதவனைத் தள்ளிவிட்டுட்டானுங்கய்யா!”

கும்பல் ஒரு நொடி அசந்து நின்றது. பிறகு கொல்லென்று சிரித்தது. “முகத்தைப் பாரேன், என்னா ஆக்டிங்!” என்றான் ஒருவன். ஒரு பெண் ஃபோனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். அவர் மறுபடி கத்தினார். மறுபடி சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவருக்குக் குரலே எழும்பவில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர்களைச் சிரிக்க வைத்தவருக்கு, சிரிக்கிறவர்களுக்கு எதுவுமே காதில் விழாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனைவிதான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

விடுதி அறையில் ரெண்டு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. அவர் தரையில், கட்டிலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டிலில் உட்கார அவருக்கு மனசு வரவில்லை. வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

“நாலு மாடி படியேறினியே. இருபத்தெட்டு வருஷம். எனக்கு ஏண்டி உறைக்கல?” என்றார்.

“நீங்க கேட்டிருந்தா ஒருவேளை சொல்லியிருப்பேன்” என்றாள் அவள்.

அது செருப்படியைவிடப் பலமாக விழுந்தது. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அவள் தடுக்கவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள் கடைசியில். “ஒரு தடவை செய்யுங்க.”

“என்னது?”

“அந்தக் கை.”

“பைத்தியமாடி உனக்கு! இனி ஜென்மத்துக்கும்...”

“வீட்டுல அவன் போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது. இருந்த ஒண்ணையும் வேலைச் சீட்டுல ஒட்டணும்னு எடுத்துட்டுப் போயிட்டான். படத்துல அந்தக் கை மூணு நொடிதான் வருது. அதுவும் எல்லாரும் சிரிக்கிற சத்தத்துல. பால் பொங்குதுன்னு எழுந்து போவேன்ல? அடுக்களைக் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்ப்பேன், டிவியில அவனை. அது முடிஞ்சதும் உங்களை. அந்த விரலை அப்படியே கொண்டுவர இந்த உலகத்துல வேற யாரு இருக்கா? சிரிக்க இங்க ஆள் இல்ல. செய்யுங்க.”

அவர் துண்டைக் கீழே வைத்தார். கட்டில் ஓரத்தோடு ஒட்டிக் குனிந்து, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அறையில் சத்தமே இல்லை. கை மெல்ல மேலே வந்தது. சுண்டு விரல் மடங்கி நுனி கோணியது. அவள் குனிந்து அந்த விரலைப் பார்த்தாள். கை கீழே போனது.

ரெண்டாவது தடவை வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

மூன்றாவது தடவை விரல்கள் மட்டும் தெரிந்தன. அவள் எட்டிப் பாய்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏறி வாடா” என்றாள். “போதும், ஏறி வாடா.”

அவருக்கு முழங்கால் வலி உண்டு, இடுப்பும் சரியில்லை. அவள் இழுத்த இழுப்புக்குக் கட்டில் சட்டத்தைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏறினார்.